மண்ணுக்குள் ஊற்றுகிற வேலை

அம்பாசமுத்திரம்,
ஐப்பசி, மழை நாள்

அன்புள்ள மருமகன் முத்துக்குமாருக்கு,

மாமா எழுதுவது. நேற்று ராத்திரி போனில் உன் குரலைக் கேட்ட பிறகு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. நீ மருந்து அடித்துவிட்டு வந்த வீட்டில் நாலாவது மாதமே சமையலறை நிலையில் கரையான் ஏறிவிட்டது என்றாய். வீட்டுக்காரம்மா கண் கலங்கிவிட்டார் என்றாய். ஆபீஸில் எல்லார் முன்னாலும் ஏசினார்கள் என்று சொல்லும்போது உனக்குத் தொண்டை அடைத்தது. கடைசியில், “எந்த மருந்து போட்டா நிக்கும் மாமா?” என்று கேட்டாய்.

நான் இந்தத் தொழிலில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவன். உன் கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்லிவிட்டு போனை வைத்திருக்கலாம். அப்படிச் சொன்னால் நீ அதை வாங்கி அதே இடத்தில் அடித்துவிட்டு வருவாய். அதனால்தான் கடிதம். நிதானமாகப் படி.

முதலில் ஒரு விஷயம். அந்த வீட்டில் என்ன பார்த்தாய் என்று நான் கேட்டதற்கு “கரையான்” என்றாய். நீ பார்த்தது கரையானை இல்லை முத்து. சுவரில் பென்சில் கனத்துக்கு ஏறியிருந்த மண்கோட்டைப் பார்த்தாய். அது அதனுடைய பாதை. கரையானின் உடம்பு பால்வெள்ளையாக, மெத்தென்று, தோல் மெலிந்து இருக்கும். வெயிலும் காற்றும் பட்டால் கொஞ்ச நேரத்தில் காய்ந்து செத்துப்போகும். அதனால் அது எங்கே போனாலும் மண்ணின் ஈரத்தைக் கூடவே எடுத்துக்கொண்டு போகிறது. மண்துகளை எச்சிலிலும் கழிவிலும் குழைத்து, தலைக்கு மேல் கூரை போட்டுக்கொண்டே நடக்கிறது. நம் வீட்டு நிலையை அது நாடுவது மரத்துக்காக. ஆனால் உயிர் வாழ அதற்கு முதலில் வேண்டியது ஈரம். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அதனால் மண்கோட்டைப் பார்த்தவுடன் துடைத்துவிடாதே. எல்லாரும் செய்கிற தப்பு அது. ஒரு விரற்கடை அளவுக்கு மட்டும் நடுவில் உடைத்துவிட்டு மறுநாள் போய்ப் பார். ஈர மண்ணால் திரும்ப அடைத்திருந்தால் உள்ளே போக்குவரத்து நடக்கிறது. அடைக்காமல் கிடந்தால் அது பழைய பாதையாக இருக்கலாம். அந்தக் கோட்டைக் கண்ணாலேயே கீழே தொடர்ந்து போ. ஸ்கர்ட்டிங்குக்குப் பின்னால் போகிறதா, குழாய் நுழைகிற ஓட்டையிலிருந்து வருகிறதா, ஸ்விட்ச்போர்டு குழாய் வழியாக ஏறுகிறதா? ஸ்க்ரூடிரைவரின் பிடியால் நிலையை மேலிருந்து கீழ்வரை தட்டிக்கொண்டே வா. நல்ல மரத்தின் சத்தம் உனக்கே தெரியும். அரித்த மரம் தகரடப்பாவைத் தட்டியது போல் கேட்கும். மேலே பெயிண்ட் வழுவழுவென்று இருக்க, உள்ளே இழைக்கு இழை பாதை விட்டுத் தின்றிருக்கும்.

அரிப்பைப் பார்த்தாலே எல்லாரும் செல், அதாவது கரையான் என்று சொல்லிவிடுவார்கள். நீ அப்படிச் சொல்லாதே. மரத்துக்கடியில் மாவு போலத் தூள் கொட்டியிருந்தால் அது வண்டு. கசகசா போல மணிமணியாகக் கொட்டியிருந்தால், மண்ணோடு சம்பந்தமே இல்லாமல் உலர்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கிற வேறு வகைக் கரையான். மண் இருந்தால்தான் நம்முடைய மண் கரையான். வண்டு பிடித்த கட்டிலுக்காகத் தரையைத் துளைத்து மருந்து ஊற்றிப் பணம் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பாவம் உனக்கு வேண்டாம்.

மண் கரையானிலும் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குச் சிப்பாய்க் கரையானைப் பிடி. உடைத்த இடத்துக்கு முதலில் ஓடிவருவது அதுதான். மஞ்சள் தலையும் கொடுக்கு போன்ற தாடையும் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும். அந்தத் தாடையால் மரத்தைக் கடித்துத் தின்ன அதற்கு வராது. வேலைக்காரக் கரையான்தான் அதற்கு ஊட்டிவிட வேண்டும். ஈர்க்குச்சியால் மெதுவாகத் தொட்டுப் பார். நெற்றியிலிருந்து பால் போல ஒரு சொட்டு வெள்ளையாகக் கசிந்தால் அது காப்டோடெர்மஸ். இதை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதே. மண்ணும் கழிவும் மரத்தூளும் சேர்த்து அட்டை போன்ற கூட்டைச் சுவர் இடுக்கிலேயே கட்டிக்கொள்ளும். குழாய் கசிந்து ஈரம் கிடைத்தால், தரையைத் தொடாமலேயே மாடியில் குடியிருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் நீ அஸ்திவாரத்தைச் சுற்றி எவ்வளவு மருந்து ஊற்றினாலும் பிரயோசனம் இல்லை. பிளம்பரைத்தான் முதலில் கூப்பிட வேண்டும்.

நம் பக்கத்தில் தோட்டத்திலும் வீட்டிலும் அதிகம் பார்க்கிறது ஓடோன்டோடெர்மஸ். இதைப் பற்றி உனக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. தொழிலுக்குத் தேவை என்பதற்காக மட்டும் சொல்லவில்லை.

மரம் எளிதில் செரிக்கிற தீனி இல்லை. காப்டோடெர்மஸ் போன்றவை தங்கள் குடலில் ஓரணு உயிர்களைக் குடிவைத்து, அவற்றைக் கொண்டு மரத்தைச் செரிக்கின்றன. 1920-களில் அமெரிக்காவில் க்ளீவ்லாந்து என்ற விஞ்ஞானி அந்த ஓரணு உயிர்களை மட்டும் சாகடித்துவிட்டுக் கரையானை விட்டுப் பார்த்தார். அவை வழக்கம்போல் மரத்தைத் தின்றன. தின்றுகொண்டே பட்டினியில் செத்தன. ஓரணு உயிர்களைத் திரும்பக் கொடுத்தவை பிழைத்தன. தோல் உரிக்கும் ஒவ்வொரு முறையும் குடலின் உள்தோலோடு அந்த உயிர்களும் போய்விடும். பிறகு வேறொரு கரையானின் பின்பக்கத்திலிருந்து வாங்கித் தின்றுதான் மறுபடி வயிற்றை நிரப்பிக்கொள்ள வேண்டும். ஒரு கரையான் தனியாக வாழவே முடியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஓடோன்டோடெர்மஸின் வழி வேறு. அது விவசாயி. தின்ற மரத்தையும் சருகையும் பாதி செரித்துக் கழித்து, அதைத் தேனடை போல அடுக்கி, அதன்மேல் ஒரு பூஞ்சையைப் பயிரிடுகிறது. பூஞ்சை அந்த மரச்சக்கையை மெல்ல உடைத்துப் பதமாக்கிக் கொடுக்க, அதைக் கரையான் தின்கிறது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் தோட்டத்துப் புற்றடியில் உன் ஆச்சி பறித்துவந்து குழம்பு வைப்பாளே புத்துக்காளான், அது அந்தப் பயிர் மண்ணைத் துளைத்து வெளியே விட்ட குடைதான். நாம் அதை நாற்றங்கால் போட்டு வளர்க்க முடிவதில்லை. கரையான் கோடிக்கணக்கான வருடமாக வளர்க்கிறது.

பூஞ்சைக்குச் சூடும் ஆகாது, காற்றில்லாமலும் ஆகாது. புற்று அந்தக் காற்றை எப்படிக் கொடுக்கிறது என்று பெங்களூரில் ஓடோன்டோடெர்மஸ் ஒபீசஸ் புற்றுகளை அளந்து பார்த்து 2015-இல் ஒரு கட்டுரை வந்தது. கோயில் கோபுரத்துக்கு முட்டுக்கொடுத்தது போல அந்தப் புற்றைச் சுற்றிலும் மடிப்பு மடிப்பாக இருக்கும், பார்த்திருப்பாய். பகலில் அந்த மெல்லிய மடிப்புகள் சீக்கிரம் சூடாகி, அவற்றின் வழியே காற்று மேலே ஏறும், நடுக்குழாய் வழியே கீழே இறங்கும். ராத்திரி மடிப்புகள் முதலில் குளிர்ந்துவிடுவதால் ஓட்டம் அப்படியே திரும்பும். பகலும் இரவும் மாறிமாறி வருவதையே மூச்சாக்கிக்கொண்ட வீடு அது. கண் தெரியாத ஒரு பூச்சி எச்சிலும் மண்ணும் வைத்துக் கட்டியது. ஒவ்வொரு புற்றின் முன்னாலும் நான் செருப்பைக் கழற்றாவிட்டாலும், மனதுக்குள் ஒரு கும்பிடு போடாமல் வேலையைத் தொடங்கியதில்லை.

நம் ஊரில் கரையானை எறும்பின் சொந்தம் என்று நினைக்கிறார்கள். வெள்ளை எறும்பு என்றே சிலர் சொல்வார்கள். அது கரப்பான்பூச்சியின் வம்சம். எறும்பில் ஆண் ஒருமுறை கூடிவிட்டுச் செத்துப்போகும், வேலைக்காரி எல்லாம் பெண். இங்கே ராஜா ராணியோடு அதே அறையில் கடைசிவரை கூடவே இருக்கிறது. வேலைக்காரரில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. ராணியைப் பிடித்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று வீட்டுக்காரர்கள் சொல்லும்போது தலையாட்டிவிடாதே. பல இனங்களில் ராணி செத்தால் இனப்பெருக்கத்துக்கு வேறொன்று தயாராகிவிடும். அதோடு நம் வீடுகளுக்கு வருகிற கூட்டத்தின் ராணி எங்கே இருக்கிறது என்பதே பெரும்பாலும் தெரியாது. அடுத்த காம்பவுண்டில் இருக்கலாம்.

இப்போது இங்கே சரியான ஈசல் காலம். முந்தாநாள் மழை விட்டதும் தெருவிளக்கைச் சுற்றி மொய்த்துவிட்டன. உன் அம்மா சின்னப்பிள்ளையாக இருக்கும்போது, விளக்கடியில் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து ஈசல் பிடிப்போம். அரிசியோடு சேர்த்து வறுத்துத் தருவாள் எங்கள் ஆச்சி. புறநானூற்றில் கபிலர் பறம்பு நாட்டைப் பாடும் இடத்தில் புற்றீசலை மோரோடு சேர்த்து ஆக்கிய உணவு வருகிறது. அவ்வளவு பழைய சாப்பாடு அது. கரையான் கூட்டத்தில் இறகு முளைத்து வெளியே போகிற இளவட்டம்தான் ஈசல். பறப்பது சில நிமிடம். இறகை உதிர்த்துவிட்டு ஆணும் பெண்ணும் ஜோடியாக மண்ணைத் தேடி ஓடும். காக்கைக்கும் பல்லிக்கும் ஓணானுக்கும் போக, ஏதோ ஒன்றிரண்டு ஜோடி புதுக்குடி தொடங்கும்.

தொழிலுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. விளக்குக்கு வந்த ஈசலைப் பார்த்துப் பயந்து போன் செய்கிறவர்களுக்கு, கதவைச் சாத்தி விளக்கை அணைக்கச் சொன்னால் போதும். ஆனால் வீட்டுக்குள்ளேயே, சுவர் வெடிப்பிலிருந்தோ நிலை ஓரத்திலிருந்தோ ஈசல் புறப்பட்டு இறகு குவிந்து கிடந்தால், அந்தக் கட்டடத்துக்குள்ளோ அதன் அடியிலோ வயதான கூட்டம் ஒன்று இருக்கிறது. புதுக்கூட்டம் ஈசல் விடாது, அதற்குச் சில வருடம் ஆகவேண்டும். அந்த இறகு எங்கே அதிகம் கிடந்தது என்று வீட்டில் கூட்டிப் பெருக்குகிறவரைக் கேள். எனக்குப் பல வீடுகளில் சரியான இடத்தைக் காட்டிக்கொடுத்தது அவர்கள்தான்.

சரி, நீ மருந்து அடித்த அந்தக் கோயம்புத்தூர் வீட்டுக்கு வருகிறேன். நீ சொன்னதை வைத்துப் பார்த்தால், நீ போட்டது வாடை அடித்தால் கரையான் விலகிப்போகிற வகை மருந்து. பைஃபென்த்ரின் போன்ற பைரித்திராய்டு மருந்துகள் அப்படித்தான். கரையான் அதன்மேல் நடக்காது. சுற்றிலும் வேலி முழுதாக இருந்தால் அது நல்ல வேலி. ஒரு விரல் இடைவெளி இருந்தாலும், அது தேடித்தேடி அந்த இடைவெளிக்கு வந்து சேரும். நீ வெளிச்சுவரைச் சுற்றி ஒழுங்காக ஊற்றியிருக்கிறாய், நம்புகிறேன். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் உள்ள சுவரடியில் குழாய் தரையைத் துளைத்து இறங்குகிற இடத்தைப் பார்த்தாயா? அந்த வீட்டில் குளியலறைக் கதவின் நிலையும் அடியில் உப்பியிருக்கிறது என்று நீயே பேச்சோடு பேச்சாகச் சொன்னாய். எனக்கு அங்கேதான் சந்தேகம்.

இமிடாக்ளோப்ரிட், ஃபிப்ரோனில் போன்றவை வேறு மாதிரி. அவை மண்ணில் இருப்பது கரையானுக்குத் தெரியாது. நடந்து போகும், உடம்பில் ஒட்டிக்கொள்ளும், உடனே சாகாது. கூட்டுக்குத் திரும்பி மற்றவற்றை நக்கும், ஊட்டும். ஒன்றுக்கொன்று ஊட்டிப் பிழைக்கிற ஜாதி என்று சொன்னேனே, அந்தப் பாசத்தின் வழியாகவே மருந்து பரவும். எழுதும்போதே மனதுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். இதே யோசனையில்தான் அமெரிக்காவில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் நான்-யாவ் சூ, தோல் உரிப்பதைத் தடுக்கிற மருந்தை மரத்தீனியில் வைத்து மண்ணுக்குள் புதைக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1995-இல் அது விற்பனைக்கு வந்தது. லிட்டர் கணக்கில் மண்ணில் கொட்டாமல் சில கிராமில் வேலை முடிகிறது. ஆனால் பூஞ்சை வளர்க்கிற நம் ஊர்க் கரையானிடம் அந்தத் தீனி அதே வேகத்தில் வேலை செய்யும் என்று வீட்டுக்காரருக்கு வாக்குக் கொடுக்காதே. தின்றதை நேரே செரிக்காமல் பூஞ்சைத் தோட்டத்துக்குக் கொடுக்கிற உயிர் அது.

மருந்து எதுவானாலும் அளவுதான் உயிர். நான் இந்தக் கடிதத்தை எழுதியதே இதற்காகத்தான் என்று வைத்துக்கொள்.

புதுவீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போதே மருந்து ஊற்றுவதற்கு நம் நாட்டில் ஐ.எஸ். 6313 என்ற தரக்குறிப்பு இருக்கிறது. வானத்தின் அடியிலும் பக்கங்களிலும் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கலவை. அஸ்திவாரச் சுவரை ஒட்டி மண் மூடும்போது சுவரின் பரப்புக்குச் சதுர மீட்டருக்கு 7.5 லிட்டர். பேஸ்மட்டத்தில் மண் நிரப்பித் தரை போடுவதற்கு முன் அதன்மேல் சதுர மீட்டருக்கு 5 லிட்டர். இப்போது நீயே கணக்குப் போடு. 1,000 சதுர அடி என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். அந்தப் பேஸ்மட்டத் தளத்துக்கு மட்டும் 465 லிட்டர் கலவை வேண்டும். இமிடாக்ளோப்ரிட் 30.5 சதவீத மருந்தை லிட்டருக்கு 2.1 மில்லி என்று கலந்தால், கிட்டத்தட்ட ஒரு லிட்டர் மருந்து அந்த ஒரு தளத்துக்கே போகும். வானத்துக்கும் சுவருக்கும் தனி. இருபது லிட்டர் கைத்தெளிப்பானோடு ஸ்கூட்டரில் வந்து, அரை மணி நேரத்தில் மண்ணின் தலையை நனைத்துவிட்டுப் பத்து வருட உத்தரவாத அட்டை கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அட்டைக்கு என்ன மதிப்பு என்று இந்தக் கணக்கைப் போட்டாலே தெரிந்துவிடும்.

இந்தத் தொழிலின் கஷ்டம் அதில்தான் இருக்கிறது முத்து. பெயிண்டர் ஏமாற்றினால் மறுமழையில் தெரியும். எலெக்ட்ரீஷியன் ஏமாற்றினால் அன்றைக்கே விளக்கு எரியாது. நாம் பாதி அளவு ஊற்றினால் அன்றைக்கும் மண் நனைந்துதான் இருக்கும், மேலே கான்கிரீட் போட்டுவிடுவார்கள். ஐந்தாறு வருடம் கழித்து, பிள்ளையின் கல்யாணத்துக்கு வீட்டை வெள்ளையடிக்கும்போது நிலை பொடிப்பொடியாக உதிரும். அப்போது நம்மை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கமாட்டார்கள். “மண்ணு ராசி” என்று சொல்லிவிடுவார்கள். கேட்க ஆளில்லாத இடத்தில் சரியாக ஊற்றுகிறவன்தான் இந்த வேலைக்கு ஏற்றவன். ஆபீஸில் அளவைக் குறைக்கச் சொன்னால் முடியாது என்று சொல். வேலை போனால் இங்கே வா, நானும் அத்தையும் இருக்கிறோம்.

மருந்து ஊற்றுவதற்கு முன்பே செய்ய முடிகிற பாதுகாப்புகளும் உண்டு, அவற்றுக்குக் காசும் இல்லை. கட்டட வேலையில் நூல் கட்ட அடித்த முளைகளை அப்படியே மண்ணுக்குள் விட்டுவிடுவார்கள். செண்டரிங் பலகைத் துண்டு, சிமெண்ட் சாக்கு, தென்னைமட்டை எல்லாவற்றையும் பேஸ்மட்டத்துக்குள் தள்ளி மேலே கிராவல் போட்டு மூடுவார்கள். வீட்டுக்கடியில் கரையானுக்கு விருந்து வைத்துவிட்டு மேலே தேக்கு நிலை வைக்கிறோம். மேஸ்திரியிடம் மரியாதையாகச் சொல், சித்தாள்களோடு நீயும் குனிந்து பொறுக்கு. நிலையின் அடி மண்ணைத் தொடக்கூடாது. தேக்கு என்றாலும் வைரம் பாய்ந்த பகுதிதான் தாங்கும், ஓரத்து வெள்ளைக்கட்டையை அரித்துவிடும். பழைய ஓட்டுவீடுகளில் நூறு வருடத்துப் பனங்கை இன்னும் நிற்கிறது என்றால், முற்றிய மரத்தின் வைரத்தை மட்டும் எடுத்துச் செய்ததால்தான். ஹவாயில் மருந்தே இல்லாமல் வீட்டுக்கடியில் எரிமலைக் கல்லை உடைத்துச் சலித்து ஒரே அளவுத் துகளாகப் பரப்புகிற வழக்கம் இருக்கிறது. கரையானின் வாயால் நகர்த்த முடியாத கனம், இடையில் உடம்பை நுழைக்க முடியாத இடுக்கு. அவ்வளவுதான் அதன் சூத்திரம். எவ்வளவு அழகான யோசனை!

கட்டிய வீட்டுக்கு நீ செய்கிற வேலை உனக்குத் தெரியும். சுவரும் தரையும் சேருகிற இடத்தில் அடிக்கொரு துளை, 12 மில்லிமீட்டர், துளைக்கு ஒரு லிட்டர். ஆனால் துளைபோடும் முன் தண்ணீர்க் குழாயும் கரண்ட் குழாயும் எங்கே போகின்றன என்று வீட்டுக்காரரிடம் கேட்டுக் குறித்துக்கொள். துளை மருந்தை மெதுவாகக் குடிக்க வேண்டும். மடமடவென்று குடித்தால் உள்ளே பள்ளம் இருக்கிறது, மண் இல்லாத இடத்தில் மருந்து ஓடிப்போகிறது. குடிக்கவே மறுத்தால் நீ கான்கிரீட்டைத் தாண்டவில்லை. ஒரு லிட்டர் என்று எழுதிவைத்துவிட்டு அரை லிட்டரில் வழிந்ததும் அடுத்த துளைக்குப் போகக்கூடாது. காத்திருந்து திரும்ப ஊற்ற வேண்டும். இன்னொன்று, நீ ஊற்றிவிட்டு வந்த மண்ணை ஆறு மாதம் கழித்துச் செடி வைக்கத் தோண்டினால் வேலி அங்கே அறுந்துவிடும். புறப்படும்போது இதைச் சொல்லிவிட்டு வா.

இப்போது ஒரு பழைய கதை. உன் அம்மாவுக்குக்கூட முழுதாகத் தெரியாது.

1996-இல் என்று நினைவு. ஆற்றங்கரையை ஒட்டின கிராமத்தில் ஒரு வீடு. வெளிச்சுவரிலிருந்து பத்தடியில் குடிநீர்க் கிணறு. மண் முழுக்க மணல் கலந்தது. அளவு குறைத்தால் பாவம் என்று நினைக்கிற எனக்கு, அளவுக்கு மேலேயும் ஒரு கேள்வி இருக்கிறது என்று அன்றைக்குத் தெரியவில்லை. குளோர்பைரிபாஸ் பால் போலக் கலந்து, வாய்க்கால் வெட்டி, குறிப்பில் போட்டபடி ஊற்றினேன். கிணற்றுப்பக்கமும் ஊற்றினேன். ராத்திரி மழை கொட்டியது. மூன்றாம் நாள் அந்த வீட்டுப் பாட்டி தண்ணீரை முகர்ந்துவிட்டு ஆளனுப்பினாள். நான் போய் வாளியை இறைத்தேன். அந்த வாடை எனக்குத் தெரியாததா! மோட்டார் வைத்து ஏழு தடவை கிணற்றை வற்ற இறைத்தோம். செலவை நான் ஏற்றேன். ஆனால் அந்த வீட்டுப் பெண்கள் ஒரு வருடம் நாலு வீடு தள்ளிப்போய்க் குடம் சுமந்தார்கள். அதை நான் எப்படி ஏற்க முடியும்? நல்லவேளையாக யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அது என் சாமர்த்தியம் இல்லை, அந்தப் பாட்டியின் மூக்கு.

அதற்கப்புறம் கிணறு, போர், மீன் தொட்டி, குழந்தை தவழ்கிற அறை எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் டப்பாவைத் திறப்பேன். கிணற்றுப்பக்கச் சுவரில் மருந்தே ஊற்றாமல், ஈரத்தை நிறுத்தி, மரத்தைப் பிரித்து, வருடத்துக்கு இரண்டு முறை போய்ப் பார்த்துக் காத்த வீடுகள் எனக்கு உண்டு. என் குருநாதர் காலத்தில் ஆல்ட்ரின், குளோர்டேன் என்று ஊற்றினார்கள். மண்ணில் பல வருடம் கரையாமல் நிற்கும் என்பதையே பெருமையாகச் சொல்வார்கள். அப்படி நிற்பதே ஆபத்து என்று பிறகு உலகம் முழுக்கத் தடை வந்தது. அந்தக் குளோர்பைரிபாஸை வீடுகளில் பயன்படுத்துவதை அமெரிக்கா 2000-இலேயே நிறுத்தத் தொடங்கிவிட்டது. இன்றைக்கு நீ கலக்குகிற மருந்துக்கு வாடை இல்லை என்பதால் அதற்கு விஷம் இல்லை என்று நினைக்காதே. வாடை இல்லாவிட்டால் எந்தப் பாட்டியும் கண்டுபிடிக்க முடியாது. கையுறையும் முகமூடியும் போடாமல் கலக்கினாய் என்று மட்டும் காதில் விழக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் அந்த உடுப்பைத் தனியாகத் துவை.

புற்றை உடைக்கச் சொல்லி உன்னைக் கூப்பிடுவார்கள். தோட்டத்து மூலையில், வீட்டுக்குத் தள்ளி, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த புற்று என்றால் தொடாதே. மஞ்சள் இல்லாத புற்றாக இருந்தாலும், அது வீட்டுக்கு வருகிற கூட்டம்தானா என்று பார். இந்தியாவில் ஏறத்தாழ முந்நூறு வகைக் கரையான் உண்டு. அவற்றில் கட்டடத்துக்குக் கெடுதல் செய்பவை கொஞ்சம்தான். மற்றவை சருகையும் சாணியையும் செத்த வேரையும் மண்ணாக்குகின்றன. அவை குடைந்த வழியில்தான் நம் வறண்ட காட்டில் மழைத்தண்ணீர் உள்ளே இறங்குகிறது. மரம் விழுந்தால் மண்ணுக்குக் கொண்டுசேர்க்க வேண்டும் என்பது கரையானுக்கு இட்ட வேலை. நம் நிலை நின்றுகொண்டிருக்கிற மரம் என்று அதற்கு எப்படித் தெரியும்? சிதம்பரத்தில் பூட்டிய அறையில் தேவார ஏடுகளைப் புற்று மூடிக் கிடந்தது என்று ராஜராஜன் கதையில் சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கரையான்மேல் கோபம் வந்ததில்லை. திறந்து பார்க்காமல் பூட்டிவைத்தவர்கள்மேல்தான் வந்திருக்கிறது. பத்திர ஆபீஸானாலும் பள்ளிக்கூட நூலகமானாலும் அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப்போட்டு, மாதம் ஒருமுறை நகர்த்திப் பார்த்தாலே பாதி இடத்தில் என் வேலை தேவைப்பட்டிருக்காது.

அந்தக் கோயம்புத்தூர் வீட்டில் சின்னப்பிள்ளைகள் இருந்தால் ஒன்று செய்து காட்டு. அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் காட்டுவார்கள். சில பால்பாயிண்ட் பேனாக்களின் மையில் உள்ள ஒரு பொருள், கரையான் வழிகாட்டப் போடுகிற வாசனை போலவே இருக்கும். காகிதத்தில் வளைந்து வளைந்து கோடு போட்டு வேலைக்காரக் கரையானை விட்டால், கோட்டைப் பிடித்துக்கொண்டே நடக்கும். நம் ஊர்க் கரையான் எந்தப் பேனாவுக்கு நடக்கிறது என்று நாலைந்தை வைத்துப் பார்க்கலாம். பிள்ளைகள் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டால், பிறகு வீட்டுச் சுவரில் புதுக்கோடு எதுவும் அவர்கள் கண்ணுக்குத் தப்பாது.

நாளைக்கே அந்த வீட்டுக்குப் போ. மருந்து எடுத்துக்கொண்டு போகாதே. டார்ச், ஸ்க்ரூடிரைவர், ஒரு சின்ன பாட்டிலில் கொஞ்சம் ஸ்பிரிட் போதும். வீட்டுக்காரம்மாவிடம் முதலில் மன்னிப்புக் கேள். “நான் சரியாப் பார்க்காம அடிச்சிட்டேம்மா” என்று உன் வாயால் சொல். குளியலறை நிலையைத் தட்டிப் பார், குழாய் இறங்குகிற இடத்து டைல்ஸ் ஓரத்தில் கத்தியை விட்டுப் பார், ஈரமாக இருந்தால் எவ்வளவு ஈரம் என்று எழுதிக்கொள். சிப்பாய் நாலைந்தைப் பிடித்து ஸ்பிரிட்டில் போட்டு, வீட்டின் படம் ஒன்று கையால் வரைந்து, மண்கோடு போகிற இடத்தையெல்லாம் அதில் குறித்து எனக்கு அனுப்பு. ஸ்பிரிட்டில் போடுவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் ஈர்க்குச்சியால் தொட்டுப் பார். நெற்றியில் பால் வந்ததா இல்லையா என்று அன்றைக்கு ராத்திரியே போன் செய். அதற்குள் எந்த டப்பாவையும் திறக்காதே.

அத்தை உனக்கு அதிரசம் கொடுத்துவிடச் சொன்னாள். அடுத்த வாரம் வருகிற ஆளிடம் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் மாமா